இன்னும் கொஞ்சம் பவர்

மைக் எனக்குக் கொஞ்சம் உயரம். இறக்கிக்கொள்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச விட்டால் கேட்பவர்களுக்குக் கண் சொக்கும் என்று தெரியும். சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன்.

என் பெயர் அறிவரசன். பெரம்பலூரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். முறையாகப் படித்த ஆப்டோமெட்ரிஸ்ட். எங்களுக்குச் சட்டத்தில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாமா என்று கருத்துக் கேட்கத்தான் அரசாங்கக் கமிட்டியாக நீங்கள் வந்திருக்கிறீர்கள். இப்போது நாங்கள் பார்வையை அளக்கலாம், கண்ணாடி கொடுக்கலாம். மருந்து என்றால் கண் டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும். காலையில் பேசிய டாக்டர், இவர்களுக்கு அதிகாரத்தைக் கொடுத்தால் ஊர்க் கண்ணையெல்லாம் கெடுத்துவிடுவார்கள் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. வெறும் கண்ணாடியை வைத்துக்கொண்டே நான் எத்தனை குடும்பங்களை வாழவைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

கீழப்பழுவூர் அரியமுத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்க வந்தார். சோற்றில் ஒரு முடி கிடந்தால் தட்டு முற்றத்துக்குப் பறக்கும் என்று அவர் மனைவி ஆண்டாயி என்னிடம் தனியே சொல்லி மூக்கைச் சிந்தினார். நான் பவரில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஆண்டாயி ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தார்.

"என்னா கண்ணாடிங்க குடுத்தீங்க? மனுசன் குனிஞ்ச தல நிமிராம சாப்புட்டுட்டுப் போறாரு!"

லப்பைக்குடிக்காடு பாத்திமா பீவிக்கு மகன் துபாயில். போனில் அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, இளைத்துவிட்டான் என்று அழுகை. அவருக்கும் குறைத்தேன். இப்போது, "மவன் சதை போட்டுட்டான், அல்ஹம்துலில்லாஹ்" என்கிறார். அவன் இன்னும் இளைத்துத்தான் போயிருக்கிறான். ஆனால் ஒரு தாய் நிம்மதியாகத் தூங்குகிறார். இதற்கு எந்த மருந்துக் கடையில் மாத்திரை இருக்கிறது?

குறிப்பெடுக்கும் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எழுதுங்கள் அம்மா, இனிமேல்தான் முக்கியமானது வருகிறது.

என் மனைவி மணிமொழிக்குத் தூரப் பார்வை மங்கல். கல்யாணமான புதிதில் அவளுடைய பழைய கண்ணாடி உடைந்துபோயிருந்தது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பக்கம் போன பிறகும் விடமாட்டாள். நானே அளந்து, நானே ஆசையாக பிரேம் தேர்ந்தெடுத்து, நல்ல கண்ணாடி போட்டுவிட்டேன். அன்றைக்கே கையை விட்டுவிட்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்தக் கை வேண்டியிருந்தது. அடுத்த முறை கண்ணாடி மாற்றும்போது கால் பவர் குறைத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு கால். கோபத்தில் எதுவும் செய்யவில்லை. அவளைத் திட்டியதுகூட இல்லை.

கண் போய்க்கொண்டே இருக்கிறதே என்று அவள் பயந்தாள். "நான் இருக்கேன்ல" என்றேன். கை திரும்பி வந்தது.

கல்யாணத்துக்கு முன்பே அவள் நன்றாகக் கார் ஓட்டுவாள். அரியலூரில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலை ஒன்று அவளைத் தேடி வந்தது. வீட்டில் துள்ளிக்கொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைக்கு அழைத்துப்போய் எழுத்துப் பலகையை மட்டும் காட்டினேன். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டாள். தெரியவில்லை என்று அவள்தான் சொன்னாள். வேலை வேண்டாம் என்று போன் செய்ததும் அவள்தான். அழுதாள். கண்ணுக்கு ஆகாது என்று நானே துடைத்துவிட்டேன். ஒரு டாக்டர் இவ்வளவு பொறுமையாக நடந்துகொள்வாரா?

போன ஆடியில் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிருந்தோம். கூட வந்த அவள் தங்கை பிரவீணாவுக்கும் கிட்டத்தட்ட இவளுக்கு இருக்க வேண்டிய பவர்தான். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில், "அக்கா, கண்ணாடிய மாத்திப் போட்டுக்கிட்டு ஒரு செல்பி எடுப்போம்" என்றாள். மாற்றிக்கொண்டார்கள். பிரவீணா, "அய்யய்யோ, ஒண்ணுமே தெரியலக்கா" என்று சிரித்தாள். மணிமொழி சிரிக்கவில்லை. சாலையில் வந்த பஸ்களின் போர்டையெல்லாம் வாய்விட்டுப் படித்தாள். திருச்சி. பெரம்பலூர். துறையூர். சர்வீஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சுவரில் இருந்த சிமெண்ட் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக்கூட விடவில்லை. பிறகு திரும்பி என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"இப்பத்தாங்க எல்லாம் தெரியுது."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. என் கையைப் பிடிக்காமல், இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, தங்கையோடு திருச்சி பஸ்ஸில் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது அரியலூரில் அந்த வேலையில்தான் இருக்கிறாள். நேற்று பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்தேன். ஒரு பெண்ணை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு போனாள். நான் கை காட்டினேன். என்னைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். வண்டி நிற்கவில்லை.

டாக்டர் ஐயா எழுந்து நிற்கிறார். உட்காருங்கள் ஐயா, ஒரே நிமிடம். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் தொழிலின் குறைபாட்டை எடுத்துச் சொல்லத்தான் இவ்வளவையும் சொன்னேன். கண்ணில் விட்டால் பார்வை கொஞ்ச நேரம் மங்குமே, அந்தச் சொட்டு மருந்துக்கும் எங்களுக்கு அனுமதி கொடுங்கள். வெறும் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒருத்தியை எத்தனை நாள் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள முடியும்? கண்ணாடி என்றால் யாராவது ஒரு தங்கை வந்து மாற்றிப் போட்டுப் பார்த்துவிடுகிறாள்.