தக்காளிச் சிவப்புக் கோட்டின் வலது கை

ஹலோ... ஹலோ! நான்தான். உன் மாமன். ... தாய்மாமன்டா, வேற எத்தனை மாமன் உனக்கு? ... ஆமா, நேத்து நீ நம்ம ஆளுங்களுக்கு முன்கூட்டியே போட்டுக் காட்டின படத்துல இடைவேளையோட எழுந்து வந்துட்டேன். ... உடம்புக்கு ஒண்ணுமில்லை. மானத்துக்குத்தான் முடியலை.

... ஆமா, ஆமா, எல்லாரும் கை தட்டினாங்க. நானும்தான் தட்டினேன். பாதி வரைக்கும்.

... இல்லடா, அதுக்கில்லை. உங்கம்மா உங்கப்பாவைக் காதலிச்சதைப் படமா எடுத்தே, சரி. ஊரறிஞ்ச கதை. பள்ளிக்கூட யூனிஃபார்மோட தண்ணித் தொட்டி மேல உக்காந்து ரெண்டு பேரும் ஒரே ஐஸை மாத்தி மாத்திச் சாப்பிட்டதைக் காட்டினே. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். நாலு பசங்களோட பாட்டுக் குழு, அதுவும் உள்ளதுதான். பாடறவனுக்கு அப்போதான் தொண்டை உடைஞ்சிட்டிருந்தது. ஒரு வரி ஆம்பளை, அடுத்த வரி ஆட்டுக்குட்டி. உங்கப்பா டிரம்ஸ் பழகி முடிக்கிறதுக்குள்ள தெரு நாயெல்லாம் வேற தெருவுக்குக் குடி போயிடுச்சு.

... என்னை வில்லனாக் காட்டினதா? அதுல என்ன வருத்தம்? தங்கச்சி காதலிச்சா அண்ணன் வில்லன்தான். அந்த நடிகரை இன்னும் கொஞ்சம் முறைக்க விட்டிருக்கலாம். நான் முறைச்சா தெருவிளக்கே அணையும்.

... பின்ன என்னவா? கோட்டுடா! கோட்டு!

... எந்தக் கோட்டா? மேடையில உங்கப்பா குச்சியைத் தூக்குறார். டர்ர்ருனு கோட்டோட வலது கை தோள்லேருந்து கழண்டு முழங்கையில வந்து தொங்குது. முன்வரிசையில உங்கம்மா சிரிக்கிறா. அவர் அவளைப் பாக்கிறார். காதல் வந்துடுது. தியேட்டரே விசில் அடிக்குது. அந்தக் கோட்டைத் தைச்சது யாரு? ... சொல்லு. ... சத்தமாச் சொல்லு. ... ஆமா, நான். போர்டைக்கூட மாத்தாம நம்ம கடையைக் காட்டியிருக்கே. நான் அளவெடுக்கிறேன், இஸ்திரி போடறேன், அடுத்த காட்சியில கை கழண்டு விழுது!

... காமெடியா? எங்கப்பா காலத்துலேருந்து இந்தக் கடையில தைச்ச தோள் விட்டுப்போச்சுன்னு ஒருத்தன் படியேறினதில்லைடா.

... ட்ரெய்லரைப் பத்திப் பேசாதே. அந்த டர்ர்ரை ட்ரெய்லர்ல வச்ச புண்ணியவான் யாரு? ... நீயேதானா. நல்லா இரு. காலையில ஷட்டரைத் தூக்கறேன், எதிர்ல மருந்துக்கடைக்காரர் வாயாலயே டர்ர்ங்கிறார். பேரன் எடுத்த மனுஷன்! ... ஒரு நிமிஷம் இரு.

ஐயா, வாங்க, பேன்ட் ரெடி. அந்த ஹேங்கர்ல... என்ன பண்றீங்க? ... சும்மாவா? சும்மா யாராவது ரெண்டு கையால தையலை இழுத்துப் பாப்பாங்களா? ... ஓ. ட்ரெய்லர் பாத்தீங்க. நல்லது. இழுங்க. ஒரு காலை மிதிச்சுக்கிட்டு இழுங்க. ... போகுதா? போகாது.

கேட்டியாடா? கேட்டியா நீ பண்ணி வச்சிருக்கிற லட்சணத்தை? அடுத்த மாசம் படம் வரதுக்குள்ள அந்தக் காட்சியைத் தூக்கிடு.

... கதையே அதுதானா? ... கை கழண்டாத்தான் அவ தைச்சுக் கொடுப்பா, தைச்சுக் கொடுத்தாத்தான் காதல் வளருமா? வேற எதையாவது கழட்டேன்! செருப்பு அறுந்ததா வை. செருப்புக்கடைக்காரர் உனக்கு மாமன் இல்லையே.

... என்ன, நிஜமா நடந்ததா? யாரு சொன்னா? ... உங்கம்மாவா? பொய். அவகிட்ட கொடு போனை. ... குளிக்கிறாளா? பின்ன அங்க சிரிக்கிறது யாரு? கொடுடா.

...

என்னம்மா. ... ம், நல்லா இருக்கேன். ... சாப்பிட்டேன். ... முழங்கால் அப்படியேதான் இருக்கு, அதை விடு. உன் பையன் என்னடான்னா என் தையல் விட்டுப்போச்சுன்னு... என்னது? ... நிஜமாவே கழண்டுச்சா? ... என்கிட்ட ஏன் சொல்லலை? ... நீயே தைச்சு முடிச்சுட்டியா. நான் துணி எடுக்கப் போயிருந்தப்போ. இங்கயே, கடைக்குள்ளயே. அவர் உடம்புல இருக்கும்போதே. ... ஆமா, ஆமா, படத்துல பாத்தேன். நீ பல்லால நூலைக் கடிக்கிறே, அவர் கண்ணை மூடிக்கிறார். அதைப் பத்தி எனக்கு இப்போ பேச்சில்லை. என் தையல் எப்படிம்மா விட்டுச்சு? ரெட்டைத் தையல். நூலுக்கு மெழுகு வேற தேய்ச்சிருந்தேன். அந்த ஒல்லிக் கைக்குள்ள யானை புகுந்து இழுத்திருந்தாக்கூட...

என்னம்மா முணுமுணுக்கிறே?

... மெதுவாச் சொல்லு. ... பிளேடா?

... எந்தப் பிளேடு? ... என் பிளேடா!

... முந்தின நாளே. நான் சாப்பிட வீட்டுக்குப் போனப்போ. இஸ்திரி போட்டு மாட்டி வச்ச கோட்டுல. ... அக்குள்லேருந்து மேல வரைக்கும். ... உச்சியில ரெண்டு இழை மட்டும் விட்டுட்டு. அவர் கையைத் தூக்குற வரைக்கும் நிக்கட்டும்னு. ... தைக்கறதுக்கு நம்ம கடைக்குத்தானே வரணும்னு. அடிப்பாவி, நீ அப்போ பத்தாவது படிச்சுக்கிட்டிருந்தே! ... அவர் உன்னைத் திரும்பிக்கூடப் பாக்கலையா? அதனால நீயா... அய்யய்யோ, மெதுவாப் பேசு, கடையில ஆள் நிக்குது.

ஐயா, நீங்க பேன்ட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. ... இல்லை, கதை முடியலை. உங்களுக்கு முடிஞ்சுது.

... அழறியா? ... சிரிக்கிறியா! ... இரும்மா. கொஞ்சம் யோசிக்க விடு.

நம்ம வீட்டுப் பொண்ணு வலியப் போய்ப் பிளேடு போட்டு மாப்பிள்ளை பிடிச்சான்னு வெளிய தெரிஞ்சா நாலு பேர் என்ன சொல்வாங்க? ... ஆமா. அண்ணன்காரன் கண்ணுல மண்ணைத் தூவிட்டாங்கம்பாங்க. தெரியலைன்னா அந்தக் கழண்ட கை என் தலையில. ... ம். ... ம். ... கொடு உன் பையன்கிட்ட.

...

டேய். அந்தக் காட்சியைத் தூக்காதே. இன்னொண்ணு சேத்துக்கோ. ... எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னே? உங்கம்மா கை, பிளேடு, என் தையல். திரை முழுக்க. கடைசி வரிசையில தூங்கறவனுக்கும் தெரியணும். ... குடும்ப மானமா? யோசிச்சுத்தான்டா சொல்றேன். தங்கச்சி என்ன பண்றான்னு தெரியாத அண்ணன்னு சொல்லட்டும். உலகத்துல எந்த அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு? தோள் தைக்கத் தெரியாதவன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது.

... ஆங், இப்போ துள்ளிக் குதி.

... உங்கம்மாவா நடிச்ச பொண்ணு வெளிநாடு போயிட்டாளா? கை மட்டும்தானே, உங்கம்மாவையே பண்ணச் சொல்லு. ... கை நடுங்குதாமா? அன்னைக்கு நடுங்கலையே! ... வேற யாராவதா? வேண்டாம்டா, காய் நறுக்கற மாதிரி அறுத்து வைப்பாங்க. துணியில படாம இழையை மட்டும் தூக்கி அறுக்கணும். தையல் தெரிஞ்ச கையா இருக்கணும்...



... யாரு?

... விளையாடறியா? என் தையலை நானே அறுக்கறதா! இந்தத் தெருவுல நான் நடந்தா சைக்கிள்லேருந்து இறங்கி... ... கை மட்டும்தானா. மூஞ்சி தெரியாது. ... முடி இருக்கேடா கையில. ... வழிச்சுடலாமா. ... என்னது, வளையலா? நான் வளையல் போடறதா!

... யாருக்கும் தெரியக் கூடாது, சத்தியம் பண்ணு. உங்கம்மா மேல வேண்டாம், அவளை நம்ப முடியாது. உங்கப்பா மேல பண்ணு. ... பண்ணிட்டியா. சரி. கோட்டை நானே தைக்கிறேன், அதே தக்காளிச் சிவப்பு, அதே ரெட்டைத் தையல். நாளைக்கு வந்துடு, ஷட்டரைப் பாதி இறக்கி வைக்கிறேன். ... வளையலை நீ வாங்காதே, உனக்கு நிறம் தெரியாது. சிவப்புத் துணி மேல பச்சைதான் தூக்கிக் காட்டும். கண்ணாடி வளையலா வாங்கச் சொல்லு. அளவு... இரு, டேப் வச்சுப் பாக்கறேன்...

யாருடா அது சிரிக்கிறது? ... மாப்பிள்ளையா? ... எப்போலேருந்து கேட்டுக்கிட்டிருக்கார்? ... ஸ்பீக்கர்லயா!

... வணக்கம் மாப்பிள்ளை. ... நல்லா இருக்கேன். ... என்னது? ... உங்க கை பலத்துல கிழிஞ்சுதுன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தீங்களா? ... காட்சியை மாத்தக் கூடாதா? ... மாப்பிள்ளை, மரியாதை மரியாதையா இருக்கட்டும். உங்க கைக்கு என் தையல் கிழியாது. அதை அறுத்தது எங்க வீட்டுப் பொண்ணு! பத்தாவது படிக்கையில, துணியில ஒரு கீறல் படாம, உச்சியில சரியா ரெண்டு இழை நிக்க விட்டு... உங்க பரம்பரையில ஒருத்தருக்கு வருமா அந்தக் கை? ... ஹலோ? ... மாப்பிள்ளை? ... ஹலோ?