பொங்கல் பானையில் அவிந்த புடிங்

— எந்தப் பானைலகா அவிச்ச, தங்கச்சி?

— பெரிசா இருந்தது அது ஒண்டுதான் அண்ணா. மாமி கோயிலுக்குப் பொங்கல் வைக்கிற வெண்கலப் பானை.

— ஐயோ டினோஷா. மாட்டுக் கொழுப்புப் போட்ட புடிங்கை அதுக்குள்ளயா அவிச்ச?

— மறுகா என்ன செய்யச் சொல்றீங்க? நாலு நாளா அப்பா ஒரு வாய் சோறு திங்கல்ல. கஞ்சி குடுத்தாத் துப்புறார். ஆக்களெல்லாம் மறந்திட்டார், வாயத் திறந்தா, பாதிரியார் வீட்டுப் புடிங் எங்க எண்டுதான் கேள்வி. நீங்கதானே செய்முறை சொன்னீங்க, இப்ப என்னைப் பேசுறீங்க.

— பட்டர் போட்டு அவி எண்டும் சொன்னன்தானே.

— போட்டன். நக்கிப் பாத்திட்டு முகத்தத் திருப்பிட்டார். அவர்ட அப்பா வெள்ளைக்காரப் பாதிரியார்ட குசினில சமைக்க நிண்டவர். அங்க மிஞ்சினதத் திண்டு வளந்த நாக்கு, அத ஏமாத்தேலாது.

— இஞ்ச லண்டன்லயும் அப்படித்தான். எங்கட வயோதிபர் இல்லத்துல ஒரு கிழவி, தொண்ணூத்தி மூணு வயசு. மகள்ட பேர் தெரியாது. கொழுப்புப் புடிங்குக்கு கஸ்டர்ட் ஊத்திக் குடுத்தா, ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துல சீனி இல்லாம தாய் கரட் போட்டு அவிச்ச கதையெல்லாம் வரும். நான்தான் ஊட்டுவன்.

— ம். அந்தக் கிழவிக்கு நீங்க இரிக்கிறீங்க.

— அப்படிச் சொல்லாத. இன்னும் நிரந்தர விசா தரல்ல. ஊருக்கு வந்தா திரும்பி லண்டனுக்கு ஏறேலாது.

— சரி, விடுங்க. எனக்கு இப்ப ஒரு வழி சொல்லுங்க. கொழுப்பு காத்தான்குடில இரிக்கிற சிநேகிதி ஹஸீனாட்டச் சொல்லி எடுத்தது. பைக்குள்ள பை வெச்சுக் கொண்டுவந்தன். இந்த வீட்டுப் படிய மாட்டிறைச்சி தாண்டினதே இல்ல அண்ணா. சேர்ச்சுக்குப் போற வேதக்காரி என்னைக் கட்டினதுக்கே மாமி தன்ட மகனோட ரெண்டு வருசம் கதைக்கல்ல. அப்பாவ இஞ்ச வெச்சிரிக்க விட்டதே பெரிய காரியம்.

— மாமி எங்க இப்ப?

— கோயிலுக்கு. வாற நேரம். அப்பாட கட்டிலடில ஒரு துண்ட ஆற வெச்சிட்டு, மிச்சத்த ஒளிச்சிட்டு, கிணத்தடில பானையத் தேய்க்கிறன். புளி போட்டும் கொழுப்புப் போகுதில்ல. அப்பாவக் கூட்டிக்கொண்டு நான் எங்க போவன்?

— அழாத. மாமிட்ட உள்ளதச் சொல்லு.

— சொன்னா இண்டைக்கே அவர வெளிய அனுப்புவா. அண்ணா... மாமி பின்னால நிக்கிறா. எப்ப வந்தாவோ தெரியாது. ஃபோனக் கேக்கிறா.

— குடு, நான் கதைக்கிறன்.

— தம்பி, நான் சீதேவி மாமி. வாசல் படலைக்குள்ள வரக்குள்ளயே மணத்துல எனக்கு விளங்கிட்டு. அப்பாக்கு நான்தான் ஊட்டினன். முழுத்துண்டும் திண்டுட்டு இன்னும் கேக்கிறார், மிச்சத்த இவள் எங்க ஒளிச்சிரிக்காள் எண்டு கேட்டுச் சொல்லுங்க.