மாஸ்கோவிலிருந்து வந்த படம்

ஹலோ... ஹலோ, டெலிவிஷன் நிலையம்தானே? ... வைக்காதீங்க, வைக்காதீங்க. ஒருத்தர் மாத்தி ஒருத்தர்கிட்ட தள்ளி விட்டுட்டே இருக்காங்க என்னை. நீங்களாவது முழுசா கேளுங்க. ... ஆமா. ஆமா, இப்போ ஓடிட்டிருக்கே, அந்த ஊமைப் படத்தைப் பத்தித்தான். ... புகார் இல்லைங்க. படம் நல்லாத்தான் இருக்கு. அதை நிறுத்தணும்.

... சிரிக்காதீங்க சார். உங்க பேரு? ... ஹோல்ம் சார். என் பேரு மெரெட்டே விந்தர். இங்க கோபன்ஹேகன்லதான், வால்பியிலேர்ந்து பேசறேன். அதுல கோமான் மகனா வர்றாரே, ஐனார் விந்தர்... ஆமா, ஆமா, அவர் பொண்ணுதான். ... இருக்கார் சார், உயிரோடதான் இருக்கார். கூடத்துல உக்காந்து தன் படத்தைத் தானே பார்த்துட்டிருக்கார். இன்னிக்கு எண்பத்தொண்ணு பொறக்குது. மேஜையில பொறந்தநாள் கொடி, கேக்கு, அக்கம்பக்கத்து ஜனம் எல்லாம் இருக்கு.

... நன்றி. சொல்லிடறேன். இப்போ நான் சொல்றதைக் கேளுங்க. அந்த மீனவப் பொண்ணு, கடல்ல குதிக்கப் போறவ, அது எங்கம்மா. கெர்டா. ... இல்லை. அம்மா போன பனிக்காலத்துல போயிட்டாங்க. ... ம். ... ஆனா அது அப்பாவுக்குத் தெரியாது.

... சொன்னோம் சார். சொல்லாம இருப்போமா? அடக்கத்துக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனோம். மறுநாள் காலையில எழுந்து, கெர்டா எங்கேன்னார். மறுபடி சொன்னேன். அப்போதான் கேக்கற மாதிரி அழுதார். அடுத்த நாளும் அப்படியே. எத்தனை தடவை சார் ஒரு மனுஷனை அழ வைக்கிறது? அப்புறம்தான், ஓடென்ஸுக்கு அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு சொல்ல ஆரம்பிச்சேன். 'அக்காவும் தங்கச்சியும் பேச உக்காந்தா லேசுல எழுந்திருக்க மாட்டாங்க'ன்னு சிரிச்சுட்டுக் காப்பியைக் குடிப்பார்.

... அதேதான் நானும் நெனச்சேன். அம்மா முகத்தைப் பார்த்தா சந்தோஷப்படுவாரேன்னு நானேதான் உங்களுக்கு எழுதிப் போட்டேன், இந்தப் படத்தைப் போடுங்கன்னு. கெஞ்சிக் கேட்டு வாங்கினது. ஆனா ஆரம்பத்துல உங்க அறிவிப்பு சொல்ற அம்மா சிரிச்ச முகத்தோட சொன்னாங்களே, இந்தப் பிரதி மாஸ்கோவுல கெடச்சதுன்னு. அப்பவே ஓடி வந்து போனை எடுத்துட்டேன்.

... என்ன சார், அங்கயே வேலை பார்க்கறீங்க, இது தெரியாதா? அந்தக் காலத்துல நம்ம படங்களுக்கு ரெண்டு முடிவு எடுப்பாங்க. நமக்கு ஒண்ணு, ரஷ்யாவுக்கு ஒண்ணு. நம்மாளுங்களுக்குக் கடைசியில கல்யாணம் வேணும். ரஷ்யாக்காரனுக்கு யாராவது சாகணும், இல்லேன்னா படம் பார்த்த மாதிரியே இருக்காதாம். அப்பா சொல்வார், 'கோபன்ஹேகன்ல கட்டினவளை எல்லாம் பீட்டர்ஸ்பர்க்ல புதைச்சேன்'னு. ... ஆமா, ஆமா, வேடிக்கைதான். நானும் சிரிச்சிருக்கேன். இன்னிக்கு சிரிப்பு வரலை.

... அதைத்தான் சொல்றேன். நம்ம முடிவுல, கடல்லேர்ந்து தூக்கிட்டு வந்து மணல்ல போட்டதும் அம்மா கண்ணைத் தொறப்பாங்க. அப்புறம் சர்ச்சுல கல்யாணம். ரஷ்ய முடிவுல கண்ணைத் தொறக்க மாட்டாங்க. அவ்வளவுதான். அப்பா மடியிலேயே... ம். ... ஒரே நாள்ல எடுத்தது சார் ரெண்டும். மார்ச் மாசத்துத் தண்ணி. காலையில ரஷ்யாவுக்காகச் செத்தாங்க, மத்தியானம் நமக்காகக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. நடுவுல அம்மா உள்ள போய் உடை மாத்தற வரைக்கும், அப்பா கம்பளியை வெச்சுக்கிட்டுக் கதவுக்கு வெளிய நின்னாராம். அங்கதான் ஆரம்பிச்சுதாம் அவங்க கதை. இல்லேன்னா நான் ஏது?

... சரி, நம்ம முடிவு உங்ககிட்ட இல்லையா? ... எங்கயுமே? ... பிலிமை உருக்கி அதுல இருந்த வெள்ளியை எடுத்துட்டாங்களா. ... ம். ... ஹோல்ம் சார், ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'னு ஒரு அட்டை காட்டுவீங்க இல்ல? கால்பந்துல கோல் விழற நேரம் பார்த்துக் காட்டுவீங்களே? அதை இப்போ ஒரு தடவை காட்டுங்க. அம்மாவை மணல்ல படுக்க வெச்சதும்...

... யாரைக் கேக்கணும்? ... ஞாயித்துக்கிழமை அவர் கடற்கரை வீட்டுல இருப்பார். அங்க போன் கிடையாது. ஆமா, இருக்காது.

... அது எனக்குத் தெரியாதா? என் வீட்டு டெலிவிஷனை அணைக்க உங்களை எதுக்குக் கூப்பிடணும்? போன மாசம் வேற ஒரு படத்தைப் பாதியில அணைச்சேன். 'விளக்கு போச்சு, ஸ்டூடியோவுல என்னன்னு பார்த்துட்டு வர்றேன்'னு வீட்டுச் செருப்போட கிளம்பிட்டார். போலீஸ்காரர்தான் ரயில் ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டு வந்தார். நீங்க அட்டை காட்டினா பேசாம உக்காந்திருப்பார். இடைவேளைம்பார். அவ்வளவு வருஷம் இங்க தியேட்டர்ல டிக்கெட் கிழிச்ச மனுஷன். ... ஆமா, அவரேதான். படம் பேச ஆரம்பிச்சதும் இவரும் வாயைத் தொறந்தார், அசல் யூட்லாண்டு கிராமத்துப் பேச்சு. கோமான் மகன் பன்னிக்குத் தீனி வைக்கிறவன் மாதிரி பேசறானேன்னு ஜனம் சிரிச்சுது. அதுக்கப்புறம் ஒருத்தரும் கூப்பிடலை. அவரும் ஒரு நாள் அதைச் சொல்லிப் புலம்பினதில்லை. சாயங்காலம் வந்தா அம்மா இருந்தாங்க, அது போதும் அவருக்கு.

... இருங்க. என் பொண்ணு வர்றா. என்ன பிர்த்தா? ... படத்துல படகு வந்துடுச்சா? அப்பா என்ன பண்றார்? ... பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கதை சொல்றாரா? சரி, நீ அவர்கிட்டயே இரு.

சார், அம்மா பாறை மேல ஏறிட்டாங்களாம். ... மெஷின்கிட்ட ஒருத்தர் இருப்பாரே, அவரையாவது கேளுங்க. ... சரி. சரி, இருக்கேன். போயிட்டு வாங்க.

...

... ஹலோ. சொல்லுங்க. ... முடியாதுன்னுட்டாரா. ... இல்லை, உங்க வேலைக்கு உலை வெச்சுக்காதீங்க. ... உங்களைத் திட்டலை சார். திட்டறதுக்கு யாராவது கெடச்சா நல்லா இருக்கும்னு தோணுது, அவ்வளவுதான்.

... கேக்குதா உங்களுக்கும் பியானோ? படத்துக்கு மெதுவா வாசிக்கறாங்க. ... அம்மாவைத் தூக்கிட்டு வர்றார். இங்கேர்ந்து கதவிடுக்குல தெரியுது. ... முடியெல்லாம் நனைஞ்சு... எவ்வளவு சின்னப் பொண்ணா இருக்காங்க. என் பொண்ணு வயசுகூட இருக்காது. ... மணல்ல போட்டுட்டார். தலையை எடுத்து மடியில வெச்சுக்கறார். ... கண்ணைத் தொறங்கம்மா. ஒரு தடவை தொறந்துடுங்க.

... இல்லை. ... இல்லை சார். முடிஞ்சுது.

... அப்பா எழுந்திருக்கறார். ... அழலை. ஏன் அழலை? ... எங்க போறார்? ... சோபா மேல இருந்த கம்பளியை எடுக்கறார்.

அப்பா? என்னப்பா வேணும்? ...

... சார், ரஷ்யாவுக்கு எடுத்தாச்சாம். நல்லா வந்திருக்காம். ... ஆமா. ஆமா. இனி கல்யாணம்தான் பாக்கியாம். கெர்டா உடை மாத்தப் போயிருக்காளாம், நனைஞ்சுட்டா, வெளிய வரும்போது குளிருமாம். ... அம்மாவோட அறைக் கதவுக்கு முன்னாடி நிக்கறார், கம்பளியை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு. உள்ள யாருமே இல்லையே சார்.

... எனக்கும் தெரியலை. இத்தனை நாள் ஓடென்ஸ்னு சொன்னேன். இனிமே எப்படிச் சொல்றது, இப்போதானே அம்மாவைக் கண்ணால பார்த்தார்? ...

இதோ வர்றேன்ப்பா. ... வருவாங்க, கல்யாண உடுப்புல பொத்தான் நெறைய இருக்கும்ல, நேரமாகும்.

சார், வெச்சிடறேன். கம்பளி கனமா இருக்காம். ஒரு முனையை நான் பிடிச்சுக்கணுமாம்.