அடக்க நேரத்துக்கு முன் மூன்று விளம்பரங்கள்

சாவு வீட்டுக்குத் தாமதமாகப் போவது எனக்கு அறவே பிடிக்காது. சபைக் கமிட்டியார் விளக்கம் கேட்டிருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முன்பெல்லாம் மைசூரில் நம் சபையார் யார் இறந்தாலும் மோலி டீச்சர்தான் வீடு வீடாகப் போன் செய்வார். பாவம், தொண்டை கட்டிவிடும். அவர் படும் பாட்டைப் பார்த்துத்தான் இந்த மொபைல் ஆப்பைச் செய்தேன். யார், எந்த வீடு, எத்தனை மணிக்கு அடக்கம் என்று திறந்ததுமே தெரியும். எல்லாரும் வாயார வாழ்த்தினார்கள். ஒரே வருடத்தில் போன் செய்யும் பழக்கம் நின்றுபோனது. இனி அவர்கள் வேறெங்கே போவார்கள்?

ஒரே குறை, நேரத்தைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். ஷாமியானாக்காரர், சவப்பெட்டிக்காரர் எல்லாம் விளம்பரம் தருகிறார்களே, பார்க்க ஆள் நிற்க வேண்டாமா? எரிகிற வீட்டில் பிடுங்குகிற ஆள் நானில்லை. நேரத்தை மூன்று விளம்பரங்களுக்குக் கீழே கொஞ்சம் தள்ளிவைத்தேன், அவ்வளவுதான். பிறகு பெயரை மறைத்து, "உங்களுக்குத் தெரிந்தவர் காலமானார். யாரென்று பாருங்கள்" என்று அனுப்பினேன். யாரும் இறக்காத வாரங்களில் போன வருடத்தவர்களையே மறுபடி அனுப்பினேன். எரிக் அண்ணன் ஒரே சித்தப்பாவுக்கு இரண்டு முறை லீவு போட்டார். அது அவர் மனச்சாட்சி.

முன்கூட்டியே தெரிந்தால் வசதி என்றார் சவப்பெட்டிக்காரர். சபையின் ஜெபக் குறிப்பில் நோயாளிகளின் பெயர் இருக்கிறதே என்று அதைக் கொடுத்தேன். அவர் அளவெடுக்கவே போய்விடுவார் என்று நான் நினைக்கவில்லை.

போன மாதம் ஜூலி டீச்சர் இறந்தார். அவரும் மோலி டீச்சரும் முப்பது வருடம் ஒரே பள்ளி, ஒரே டிபன் பாக்ஸ். மோலி டீச்சர் இப்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தில், மகள் வீட்டில் இருக்கிறார். யாரும் அவருக்குப் போன் செய்யவில்லை. ஆப்பில் வந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். நேரத்தைத் தேடிக்கொண்டே பஸ் ஏறி அவர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தபோது மண் மூடியாகிவிட்டது.

நேராக என்னிடம் வந்தார்.

"அவ முகத்த ஒரு தடவ பாத்துடணும்னுதானே, மேக்ஸ்வெல், தொறந்தேன். நாலு தடவ ஷாமியானா வந்துச்சு. டைம் வரவே இல்லயேப்பா."

செய்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் போனதும் கணினியில் கணக்கெடுத்துப் பார்த்தேன். அன்று மோலி டீச்சர் எங்கள் ஆப்பில் இருந்தது ஐம்பத்திரண்டு நிமிடம். இதுவரை யாருமே அவ்வளவு நேரம் இருந்ததில்லை. பிடிக்காத ஒன்றை யாராவது அவ்வளவு நேரம் பார்ப்பார்களா?