பின்னால் வருகிறாள்

இந்த நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, ஐயா. மாற்ற வேண்டாம். ஓடுகிறவர்களுக்கு உட்காரத் தெரியாது, எங்கே உட்கார்ந்தாலும் காலை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று எங்கள் விடுதியில் கேலி செய்வார்கள். நான் ஆட்டுவதில்லை. நிஷாந்தினிதான் ஆட்டுவாள்.

அவள் இறந்தபோது என்னை விசாரித்தவரும் நீங்கள்தான். அன்று நான் சொன்னதில் சில திருத்தங்கள் இருக்கின்றன. அப்பாவுக்காகத்தான் வந்தேன் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்களை வைத்து வேலை வாங்குகிற இராசையா கங்காணி என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு மரியாதை இருந்தது. இப்போது அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு அவரைப் புல் வெட்ட விட்டிருக்கிறார்கள். மகள் என்று ஒருத்தி இருக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

எல்லாம் புரிய வேண்டுமென்றால் ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் என்பது மைதானத்தை நான்கு தடவைக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றுவது. அதில் முன்னால் ஓடுவதுதான் கஷ்டம். காற்று முழுக்க முன்னால் போகிறவளின் நெஞ்சில் அடிக்கும். வேகம் கூடுவதா குறைவதா என்கிற யோசனையும் அவளுக்குத்தான். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவளுக்கு ஒரு கவலையும் கிடையாது. கடைசிச் சுற்றில் விலகி வந்து தாண்டிப் போனால் போதும். மூன்று வருடமாக முன்னால் ஓடியவள் நான். தாண்டிப் போனவள் நிஷாந்தினி.

அவள் பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாலும் முட்டையும் தின்று வளர்ந்தவள், என்ன செய்வது என்று மனதைத் தேற்றியிருப்பேன். அவள் மடுல்சீமைப் பக்கம், நான் நமுனுகுலப் பக்கம். அவளும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள், நானும் லயத்தில் பிறந்தவள். நான் தின்ற அதே கோதுமை ரொட்டியைத்தான் அவளும் தின்றாள். நான் ஏறிய மாதிரி மேட்டை ஏறித்தான் பள்ளிக்கூடம் போனாள். எனக்கென்று ஒரு சாக்குக்கூட மிச்சம் வைக்காமல் என்னை வென்றாள். அது எவ்வளவு எரிச்சலான விஷயம் என்று ஓடாதவர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

பதுளையில் நாங்கள் படித்த கல்லூரியில் ஜெயரட்ணம் சேர்தான் எங்களுக்குப் பயிற்சி தந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்லவர், யாரையும் கோபித்துப் பேசமாட்டார். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கொழும்புப் பக்கத்துப் பெண் ஒருத்தி பலமாக இருந்தாள். அவளைக் களைக்கவைக்க ஒரு ஆள் வேண்டும் என்று சேர் கணக்குப் போட்டார். என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, முதல் மூண்டு சுத்தும் நீ இழுத்துக் குடுத்தால் காணும். மிச்சத்தை அவள் பாப்பாள்" என்றார். நான் தலையாட்டினேன். வண்டி இழுக்கிற மாடு வேறென்ன செய்யும்.

இழுத்தும் கொடுத்தேன். ஒவ்வொரு போட்டியிலும் கடைசி மணி அடித்ததும் என் வலது தோளுக்குப் பின்னால் அவள் மூச்சு கேட்கும். தாண்டுகிற நேரத்தில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வாடி விஜி" என்பாள். ஏளனம் இல்லை. உண்மையாகவே நானும் கூட வர வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் கூப்பிட்டாள். ஏளனமாக இருந்திருந்தால் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்பாகக் கூப்பிடுகிறவளை என்ன செய்வது? ஓடி முடித்த பிறகு பதக்கத்தை என் கழுத்தில் போட்டுப் பார்ப்பாள். "இது ஒன்னோடதுந்தான்டி. நீ இல்லாட்டி நான் ஏது?" என்பாள். நான் சிரிப்பேன். பிறகு கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எப்போதும் கழற்றித்தான் எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த வருடப் போட்டி நெருங்கியபோது, மேட்டில் ஓடிப் பழகினால் நெஞ்சுக்கு நல்லது என்று சேர் சொன்னார். எங்கள் தோட்டத்து ரோட்டு நல்ல ஏற்றம். அதனால் நிஷாந்தினி ஒரு வார இறுதியில் என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சேர் அனுப்பியது. நான் அழைக்கவில்லை.

வந்த அன்று மாலை அவள் பீலிக்கரையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா என்னிடம், "பதினோராம் நம்பர் மலப் பக்கம் போயிறாதீங்க. வளைவுல நிக்கிற சவுக்கு மரத்துல குளவி கட்டியிருக்கு. துணி கட்டிட்டேன். அந்தப் புள்ளகிட்டயும் சொல்லிவை" என்றார். சரிப்பா என்றேன். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஒரு நம்பர் உண்டு; குளவிக் கூட்டைக் கண்டால் அந்த மலையில் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு, பாதை பிரியும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு சிவப்புத் துணி கட்டுவார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரியும். அவளுடைய தோட்டத்திலும் இதே வழக்கம்தான்.

இருட்டுகிற நேரத்தில் நான் போய் அந்தக் குச்சியைப் பிடுங்கினேன். அப்பா போட்ட முடிச்சு அசையவில்லை. துணியைக் குச்சியிலிருந்து முடிச்சோடு உருவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இதோ இந்தப் பைக்குள் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். கங்காணி துணியே கட்டவில்லை என்று தோட்டத்தில் சொல்கிறார்களே, அது பொய். கட்டினார். நன்றாகவே கட்டினார். அப்போது நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. ஒரு துணியை எடுப்பது அவ்வளவு பெரிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

விடிந்ததும் பெரட்டுக் களத்திலிருந்து ஓடத் தொடங்கினோம். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. மேலே ஏறி, பதினோராம் நம்பர் மலை வழியாக இறங்கி, திரும்ப அங்கேயே வந்து கொடிக்கம்பத்தைத் தொட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். பாதை பிரியும் இடத்தில் அவள் நின்றாள்.

"இந்த மாசத்துல குளவி கட்டுமே விஜி, இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லையா?"

"துணி கட்டலயே" என்றேன்.

அவள் சுற்றிப் பார்த்தாள். "ஆமா, கட்டல. அப்ப சரி."

டவுன் பிள்ளையாக இருந்திருந்தால் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டிருப்பாள். தோட்டத்துப் பிள்ளை துணியைத்தான் நம்பும். துணி இல்லாத பாதையில் சந்தேகப்பட அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதன் பிறகு நடந்தது உங்கள் பைலில் இருக்கிறது. குளவி கொட்டியது. சாக்கைப் போர்த்திக்கொண்டு போய் ஆட்கள் அவளைத் தூக்கி வந்தார்கள். எங்கள் ரோட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். லொறி வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விசாரணையில் அப்பா, மகளிடம் சொல்லிவைத்தேன் என்றார். என்னைக் கேட்டீர்கள். அப்பா எதுவும் சொல்லவில்லை என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "நாந்தான் சொல்ல மறந்துட்டேன் போல இருக்குங்க" என்றார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் அம்மாவை விட்டுக் கேட்பார்.

போட்டி தள்ளிப்போகவில்லை. நான் ஓடினேன். யாருக்கும் இழுத்துக் கொடுக்க வேண்டியதில்லை, தாண்டிப் போகவும் யாரும் இல்லை. கொழும்புப் பக்கத்துப் பெண்ணையும் முந்திக்கொண்டு முதலாவதாக வந்தேன். முதலாவது, ஐயா. கோட்டைக் கடந்து நிமிர்ந்து பார்க்கிறேன், எங்கள் கல்லூரிக்காரர்கள் ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் நிஷாந்தினியின் படம். ஜெயரட்ணம் சேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து என் தலையில் கை வைத்தார். "அவளுக்காக ஓடினாய் பிள்ளை. அவள் இருந்திருந்தால் இண்டைக்குச் சாதனையே விழுந்திருக்கும்" என்றார். பத்திரிகையில் தோழியின் கனவை நிறைவேற்றினாள் என்று போட்டார்கள். படம் அவளுடையது. அடுத்த வருடத்திலிருந்து அந்த ஓட்டத்துக்கு அவள் பெயரில் கிண்ணம் கொடுக்கப் போகிறார்களாம். நான் வென்றால் அவள் பெயரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

செத்த பிறகும் ஒருத்தி முந்திக்கொண்டே இருந்தால் உயிரோடு இருக்கிறவள் எங்கே போய் முட்டிக்கொள்வது? நான் சாப்பிடாமல் கிடந்தேன். துக்கம் என்று நினைத்து விடுதிப் பிள்ளைகள் மாறி மாறி வந்து சமாதானம் சொன்னார்கள். அவள் இருந்திருந்தால், அவள் இருந்திருந்தால் என்று எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. அவள் இருந்தபோதே நான் அவளை வென்றிருக்கிறேன். அது ஒருவருக்கும் தெரியாது.

ஆமாம், அன்று காலையில்தான். அதை இன்னும் நான் சொல்லவில்லை.

குளவி கட்டிய மரத்துக்குக் கீழே எத்தனையோ பேர் தினமும் போகிறார்கள். அது பாட்டுக்கு இருக்கும். அப்பா ஒன்று சொல்வார், "முன்னால போறவன் கலைப்பான், பின்னால வர்றவன் வாங்குவான்" என்று. குளவி கிளம்புவதற்குள் முன்னால் போனவன் தாண்டியிருப்பான். அந்த மலை வளைவில் நான் வழக்கம்போல முன்னால் ஓடினேன். அவள் வழக்கம்போல என் தோளுக்குப் பின்னால். என் கையில் ஒரு கல் இருந்தது. கல்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாருமே கேட்கவில்லை. குனிந்து எடுத்தது அல்ல, வீட்டிலிருந்தே கொண்டு வந்தது. மரத்துக்கு நேரே வந்ததும் வேகத்தைக் கூட்டினேன். கூடு தாழ்வாகத்தான் தொங்கியது. ஒரே எறி.

பின்னால் அந்தச் சத்தம் கிளம்பியது. அவள் காலடி தடுமாறியது எனக்குக் கேட்டது. ஓட்டத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. அவள் நின்றுவிட்டாள். அங்கிருந்து கத்தினாள்: "குளவி விஜி, நிக்காத. திரும்பிப் பாக்காத, ஓடுடி."

மூன்று வருடமாக வாடி என்றவள் அன்றைக்குத்தான் ஓடுடி என்றாள். நான் ஓடினேன். கால் தரையில் படவே இல்லை, மூச்சு வாங்கவே இல்லை. அப்படி ஒரு ஓட்டம் அதற்கு முன்பும் ஓடியதில்லை, பிறகு போட்டியில் முதலாவதாக வந்தபோதும் ஓடவில்லை. கொஞ்ச தூரம் அவளும் என் பின்னால் ஓடி வந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை.

பெரட்டுக் களத்தில் அப்பா ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்தார். நான் கொடிக்கம்பத்தைத் தொட்டேன். அவர் எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்துவிட்டு, "எங்கடி அந்தப் புள்ள?" என்று கேட்டார். அப்போதே சொல்லியிருந்தால் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். பிழைத்தும் இருப்பாள், டாக்டர் அப்படித்தான் சொன்னாராம். நான் தண்ணீர் குடித்தேன். காலை நீட்டித் தளர்த்திக்கொண்டேன். "பின்னால வருதுப்பா" என்றேன்.

முதல் வாக்குமூலத்தில் எத்தனையோ பொய் சொன்னேன், ஐயா, எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அப்பாவிடம் சொன்ன இந்த ஒன்றை மட்டும் அடிக்காதீர்கள். அவள் அப்போது உயிரோடுதான் இருந்தாள். பின்னால்தான் வந்துகொண்டிருந்தாள்.