தீர்மானம் ஏழும் இருபத்தேழு மீனும்

…காலை எடுங்கோ நானா, காலை எடுங்கோ! வாளி, வாளி! உள்ளுக்கு உயிர் கிடக்குது. இருபத்தேழு. இந்தப் பாதைப் படகில ஏற முந்தி ரெண்டு தரம் எண்ணினனான். இந்தப் பையைக் கொஞ்சம்… ஐயோ, வாளிக்குக் கிட்ட வேண்டாம்! உங்கட மற்றப் பக்கத்தில வையுங்கோ. அது குளோரின் தூள். காத்துக்கு ஒரு சிட்டிகை பறந்தால் இருபத்தேழும் மவுத்து. ஓம், அப்பிடி. நீங்கள் நடுவில இருங்கோ, சமாதான நீதவான் மாதிரி.

என்ன அப்பிடிப் பாக்கிறியள்? ஒரு கையில மீனும் மற்றக் கையில அதைக் கொல்லுற மருந்தும் கொண்டு ஒருத்தன் கிண்ணியாவுக்குப் போறானே, விசரனோ எண்டு பாக்கிறியள். விசரன் இல்லை நானா, செயலாளர். சுகாதாரப் பரிசோதகர் சங்கத்துச் செயலாளர் இரத்தினசிங்கம். கிணறு, கக்கூஸ், நுளம்பு, தேத்தண்ணிக் கடை எல்லாம் பாக்கிற ஆக்கள் நாங்கள். எங்கட சைக்கிளைக் கண்டால் கடைக்காரர் வடையை மூடுவினம். சைக்கிள் திரும்பின உடனை திறப்பினம்.

சங்கம் எண்டால் சம்பளத்துக்குச் சத்தம் போடுற சங்கம் எண்டு நினைக்காதேங்கோ. பதினொரு வருசமா அமைச்சுக்கு மனு எழுதுறம். 'வழக்குப் போட்டுத் தண்டம் அடிக்கிறதால கிணறு சுத்தமாகாது, சட்டத்தைத் திருத்துங்கோ, பள்ளிவாசல், கோயில், மீனவர் சங்கம், மாதர் சங்கம் எல்லாத்தையும் எங்களோட கூட்டுச் சேக்க விடுங்கோ' எண்டு. பதில்? ஒரு வரி. ஒரு வருசம் 'தங்கள் கடிதம் கிடைத்தது'. அடுத்த வருசம் 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது'. எல்லாத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒப்பிட்டுப் பாத்தனான். வேறை ஒரு வித்தியாசமும் இல்லை.

இந்த வருசம் பதில் வந்திட்டுது நானா! ரெண்டு பக்கம்! 'தங்கள் சங்கத்தின் ஏழாம் தீர்மானம் பெரிதும் பாராட்டத்தக்கது. அவ்வாறு பேணப்படும் கிணறு ஒன்றை எமது அதிகாரிகள் நேரில் காண விரும்புகின்றனர். திருப்தியுறின், குடிநீர்க் குழுவில் தங்கள் சங்கத்துக்கு ஓர் இடம் வழங்கப்படும்.' விளங்குதோ? குழுவில ஒரு கதிரை! அந்தக் கதிரையில எங்கட ஆள் ஒருத்தர் இருந்தால், கிண்ணியாவில எத்தினை கிணத்துக்குக் கட்டு வரும்! கடிதத்தை வாசிச்சுப்போட்டு நான் ஒபிசுக்குள்ள சுத்திச் சுத்தி ஆடினனான் எண்டு பியோன் சொல்லுறான். ஆடேல்ல. நடந்தனான். கொஞ்சம் வேகமா.

அங்க, பின்கரையில ஒரு வெள்ளை ஜீப் நிக்குதே, தெரியுதோ? அவைதான்! கொழும்பில இருந்து வந்த ஐயாமார். அடுத்த பாதையில வருவினம். எங்கட தலைவர் தாஹிர் அவைக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடுத்து மறிச்சு வைச்சிருக்கிறார். அவை வாறதுக்குள்ள நான் கிணத்தை… சீச்சீ, தண்ணி தளம்புது! வாளியைக் கொஞ்சம் பிடியுங்கோ.

ஏழாம் தீர்மானம் என்ன எண்டோ? அதுதானே கரைச்சல்! எவனோ ஒரு மொக்கன் எழுதினது. 'ஒவ்வொரு பொதுக்கிணற்றிலும் கிழமைக்கொரு தடவை குளோரின் இடப்பட்டு, அதே கிணற்றில் நுளம்புப் புழு உண்ணும் மீன்களும் வளர்க்கப்படல் வேண்டும்.' சிரிக்காதேங்கோ! நீங்கள் சிரிச்சால் எனக்கும் சிரிப்பு வருது. குளோரின் போட்டால் மீன் சாகும். மீன் உயிரோட நிண்டால் குளோரின் இல்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அறுபத்துநாலு பரிசோதகர் கைதட்டி நிறைவேத்தினவை!

ஏன் கைதட்டினவை எண்டால், அண்டைக்கு ஆண்டுக் கூட்டம் ரெண்டாப் பிளந்து நிண்டது. ஒரு பகுதி மருந்துக் கட்சி, பாக்கியரத்தினம் தலைமை. மற்றது மீன் கட்சி, தாஹிர் தலைமை. பாக்கியரத்தினம் மேடையில ஏறி, குளோரின் போட்ட தண்ணியை ஒரு கிளாஸ் மடமடவெண்டு குடிச்சுக் காட்டினார். தாஹிர் விடுவாரே? மீன் போத்திலைத் தூக்கி அவரும் குடிச்சார். அதில ஒரு மீன் குறைஞ்சது எண்டு கிண்ணியாவில சொல்லுவினம். மூதூரில ரெண்டு எண்டுவினம். நிலாவெளியில கேட்டால், தாஹிருக்கு அதுக்குப் பிறகு நுளம்பே கடிக்கிறதில்லை எண்டு அடிச்சுச் சொல்லுவினம். நான் கூட்டறிக்கையில எழுதினது, 'தலைவர் நீர் அருந்தினார்' எண்டு மட்டும்.

அந்தச் சண்டையில சங்கம் உடைஞ்சிருக்கும் நானா. உடையாமல் இருக்கத்தான் ரெண்டு தீர்மானத்தையும் ஒண்டாத் தைச்சது. ரெண்டு பகுதியும் தங்கட தங்கட பாதியை மட்டும் கேட்டுக் கைதட்டிச்சுது.

ஆர் தைச்சதோ? அதுக்கும் ஊருக்கு ஒரு கதை இருக்கு. ஒருத்தர் மேசையில எழுதினது எண்டுவார், ஒருத்தர் முழங்காலில வைச்சு எழுதினது எண்டுவார், ஒருத்தர் சோடாக் குடிச்சுக்கொண்டு எழுதினது எண்டுவார். எல்லாக் கதையையும் கேட்டுப் பாத்திட்டன். மாறாமல் நிக்கிறது ஒண்டே ஒண்டுதான்.

என்ர பேர்.

ஓம், ஓம், நான்தான்! வடிவாச் சிரியுங்கோ. முழங்காலில வைச்சுத்தான் எழுதினனான். சோடாவும் குடிச்சனான்.

சரி, எழுதியாச்சு, கிணறு காட்ட வேணும். மாதர் சங்கத்து ஸாலிஹா தன்ர ஒழுங்கையில தோட்டத்துக்கு இறைக்கிற பொதுக்கிணத்தைத் தந்தா. அந்த ஒழுங்கையில முந்தின மாரிக்கு மலேரியா, போன மாரிக்கு வயித்தோட்டம். ஒம்பது பிள்ளையளைப் பாயில கண்டனான் நானா… அது பகிடி இல்லை. ரெண்டு பிள்ளை பாயால எழும்பவே இல்லை. ஒண்டு ஸாலிஹாவிட மருமோள், கூடப்பிறந்தவன்ர மகள். அதுதான் அந்த மனிசி ரெண்டுக்கும் வழி கேட்டவ. முந்தாநாள் கிணத்தை இறைச்சு, கட்டுக்கு வெள்ளை அடிச்சு, ஊறின புதுத் தண்ணியில முப்பது மீனை விட்டிட்டு, 'ஐயா, இனிக் கை வைக்காதேங்க' எண்டா.

நான் கை வைச்சனான்.

ஏனெண்டால், ஐயாமார் தண்ணியைச் சோதிச்சால் குளோரின் இருக்க வேணுமே! தீர்மானத்தின்ர முதல் பாதி! நேத்துப் பின்னேரம் ஆருக்கும் சொல்லாமல் போய் ஒரு கரண்டி போட்டன். மணம் காணாது எண்டு இன்னொண்டு. விடியப் பாத்தால்… முப்பதும் வெள்ளி வெள்ளியா மிதக்குது. ஸாலிஹா செத்த மீனை வடிச்சு அள்ளினா. வாளியை எடுத்துத் திரும்ப இறைக்கத் தொடங்கினா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பன். முதல் பாதையைப் பிடிச்சு அக்கரை ரவுனுக்கு ஓடி, எங்கட ஒபிஸ் தொட்டியில மிஞ்சிக் கிடந்த இருபத்தேழையும் அள்ளிக்கொண்டு வாறன்.

அப்ப இந்தப் பை ஏனோ? நல்ல கேள்வி. கை பழகிப்போச்சு நானா. மீனை விட்டிட்டு, ஐயாமார் வாறதுக்குக் கொஞ்சம் முந்தி, கிணத்துக் கரையோரமா ஒரு துளி தூவலாமோ எண்டு…

உங்கட முகம் இப்ப ஸாலிஹாவிட முகம் மாதிரி இருக்கு.

இன்னொண்டும் சொல்லிப்போடுறன், இது இன்னும் ஆருக்கும் சொல்லேல்ல. அண்டைக்குக் கூட்டத்தில, ரெண்டு பேரும் தண்ணி குடிச்சு முடிய, பின்வாங்கில இருந்து ஸாலிஹா எழும்பினவ. 'குடிக்கிற கிணத்துக்கு மருந்தைப் போடுங்க. பள்ளிவாசல்ல தொழுகைக்கு முந்தி வுழூச் செய்யிற தொட்டிக்கும் தோட்டக் கிணத்துக்கும் மீனை விடுங்க. ரெண்டையும் ஒண்டுக்குள்ள போட்டு ஏன் சண்டை மூட்டுறீங்க?' எண்டா. அவ்வளவுதான். பதினொரு வருச மனுவுக்கும் அதுதான் விடை. பேனை என்ர கையில இருந்தது. எழுதேல்ல. ஏன்? அவ எங்கட கூட்டாளி, ஆனால் உறுப்பினர் இல்லையாம். உறுப்பினர் அல்லாதோர் பேச்சு அறிக்கையில வராதாம். அந்த விதியும் நான் எழுதினதுதான்!

கரை வருது. நானா, ஒரு உதவி. இந்தப் பையை நீங்கள் கொண்டுபோங்கோ. பன்ரெண்டு மணிக்கு, ஐயாமார் போன பிறகு மாதர் சங்கத்தில குடுத்துவிடுங்கோ. என்ர கையில இருந்தால் நான் போடுவன், சத்தியமாப் போடுவன். பிடியுங்கோ. அப்பாடா! ஐயாமார் வரட்டும். 'ஏழாம் தீர்மானம் பிழை, திருத்தம் இந்தா' எண்டு சொல்லுவன். கதிரை தந்தால் தரட்டும், தராட்டி நிண்டுகொண்டு கேப்பம்.

…நானா! கொஞ்சம் நில்லுங்கோ! ஒரு சிட்டிகை மட்டும், ஒரே ஒரு… நானா? அட, குடையையும் விரிச்சுக்கொண்டு ஓடுறாரே மனிசன்! ஓடுங்கோ, ஓடுங்கோ, திரும்பிப் பாக்காதேங்கோ!

இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு… இதென்ன தூசி? தூசி நீந்துமே? ஐயோ, குட்டி! முட்டை இடாமல் குட்டி போடுற சாதியெல்லே, பாதையில வரேக்க ஒண்டு போட்டிட்டுது! இருபத்தெட்டு, முப்பது… எண்ணேலாமல் கிடக்கு!

ஓம் ஸாலிஹா தங்கச்சி, வந்திட்டன், வந்திட்டன்! இல்லை, தூள் இல்லை. கையைப் பாருங்கோ, ரெண்டு கையும் பாருங்கோ. மீன் மட்டும்தான். ஜீப் அடுத்த பாதையில வருது. அதுக்குள்ள, இந்தா, அறிக்கைப் புத்தகம். அண்டைக்குப் பின்வாங்கில இருந்து சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ.

நான் வாயைத் திறக்கேல்ல. எழுதுறன்.