மாஜிதா கடை எண்ணெயும் உச்சிப் புள்ளியும்

தலைமையேற்றுத் தண்ணிழலாய் வீற்றிருக்கும் மேலகரம் செக்கு எண்ணெய் மகளிர் குழுத் தலைவி மூக்கம்மாள் அவர்களே! முன்வரிசையை முறுவலால் நிறைத்திருக்கும் பெரியோர்களே! எள்ளை ஆட்டி எங்கள் இல்லங்களை மணக்கச் செய்யும் தாய்மார்களே! தென்காசிக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் இந்த அருமைநாயகத்தின் அன்பு வணக்கம்.

சென்ற சாரல் சீசனில் நடந்தது என்ன? மாஜிதா கடை நல்லெண்ணெயில் மினரல் ஆயில், அதாவது பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய், கலப்படம் என்று ஒரு வாய் சொன்னது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? வாங்கியவர்கள் பாட்டிலோடு திரும்பி வந்தார்கள். கடைக்காரத் தங்கை மாஜிதா நேராக எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். "சார், கலந்திருந்தா நானே கடையப் பூட்டிருதேன். இல்லன்னா இல்லன்னு ஊருக்குச் சொல்லுங்க" என்றார். எத்தனை துணிச்சல்!

எண்ணெயைப் பிரித்துப் பார்க்க முடியுமா? முடியும் தாய்மார்களே! சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் பென்சிலால் ஒரு கோடு. பேனா கூடாது, மையும் சேர்ந்து ஓடும். கோட்டில் ஊசிமுனை அளவு எண்ணெய், பக்கத்தில் சுத்தமான நல்லெண்ணெய், இன்னொரு இடம் வெறுமையாக. மூடிய ஜாடியில், கோடு நனையாத ஆழத்துக்குக் கரைப்பான் திரவம்; அதில் தகட்டை நிறுத்துவோம். திரவம் தகட்டில் மேலேற ஏற நல்லெண்ணெய் நடுவழியில் நிற்கும், மினரல் ஆயில் உச்சிக்கே ஓடும். பிறகு அயோடின் ஆவி காட்டினால் பழுப்புப் புள்ளிகள் எழும். (என்ன அண்ணாச்சி, மந்திரமா என்கிறீர்களா? மந்திரமில்லை, பொறுமை!)

எங்கள் ஆய்வக நண்பர் விஜயசங்கர் தகட்டை ஓட்டினார். மாஜிதா எண்ணெய் வைத்த இடத்துக்கு நேர் மேலே, உச்சியில் ஒரு புள்ளி! அப்போது எங்கள் உதவிப் பேராசிரியை ஹஸீபா குனிந்து பார்த்தார். "சார், எண்ணெயே வைக்காத இடத்துலயும் அதே புள்ளி இருக்கே! அது எங்கன இருந்து வந்துச்சு?"

எங்கிருந்து வந்தது? விஜயசங்கர் அன்று காலை குற்றாலத்தில் மசாஜ் முடித்து, அருவியில் குளித்து, அப்படியே வந்திருந்தார். அவர் வாங்கிப் போன மசாஜ் எண்ணெயோ முழுக்கப் பாரஃபின், அதே மினரல் ஆயில்! அந்தப் பிசுக்குக் கைதான் கோட்டைத் தொட்டிருக்கிறது. (சிரிக்காதீர்கள், அவரும் இங்கேதான் இருக்கிறார். "இப்பம் கையக் கழுவிட்டேன்லா!" என்கிறார்.)

கையுறை போட்டோம், இடுக்கியால் ஓரத்தைப் பிடித்தோம், புதுத் தகட்டை ஓட்டினோம். உச்சி வெறுமை! மாஜிதாவின் புள்ளி சுத்த எண்ணெயோடு சரிசமமாக நின்றது. அவர் அழுதார், பிறகு சிரித்தார். "இந்தத் தகட்டக் கடையில மாட்டிக்கிடுதேன் சார்" என்றார். அயோடின் மங்கிவிடுமே என்று, புள்ளிகளைப் பென்சிலால் சுற்றி வரைந்து கொடுத்தோம்.

அவையோரே! ஒருவர் பண்டத்தைப் பழிக்கப் புறப்படுமுன் எதுவும் வைக்காத ஒரு வெறும் இடத்தையும் ஓட்டிப் பாருங்கள்! அங்கேயும் அதே கறை எழுந்தால், அது அவர் எண்ணெயில் இல்லை, உங்கள் விரலில் இருக்கிறது!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. உங்கள் செக்குகள் ஓயாமல் சுழலட்டும். வணக்கம்!